அப்பா போய் எட்டு மாதம், கடை இப்போது யாருடையது?

கடைக்காரன் மகன் | ஞாயிறு, இரவு 11.20

வணக்கம். இந்தப் பகுதியில் நான் வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலை டவுனுக்குள் எங்களுக்கு ஒரு ஹாட்வெயார் கடை இருக்கிறது. அப்பா 1979இல் தொடங்கியது. 83 கலவரத்தில் எரிந்தது, தகரம் அடித்துத் திரும்பத் திறந்தார். 90இல் பூட்டிவிட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது கதவு நிலையைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மூன்றாம் தடவையும் திறந்தார். அதனால் எங்கள் வீட்டில் 'கடை' என்றால் அது சாமான் விற்கிற இடம் மட்டும் இல்லை. அப்பா தோற்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

அண்ணா 1999இல் கனடா போனார். ஏஜென்சிக்குக் கொடுத்தது கடைக் காசு. அக்காவுக்கு 2002இல் கல்யாணம், உப்புவெளி வீடு சீதனம். நான் கடைசி. சுனாமிக்குப் பிறகு ஊரெல்லாம் வீடு கட்டத் தொடங்கியபோது சீமெந்தும் கம்பியும் ஏற்றி இறக்க ஆள் போதவில்லை. "ஒரு ஆறு மாதம் வந்து நில்" என்றார். 2005. அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை.

எனக்கென்று அப்பா எதுவும் எழுதி வைக்கவில்லை. கேட்டால் "கடை உனக்குத்தானே" என்பார். எட்டு மாதத்துக்கு முன்பு காலமானார். மரண சாசனம் இல்லை. போன மாதம் அண்ணா வீடியோவில் வந்தார்: "காணிக்கே நல்ல விலை வரும். விற்றுப் பங்கு வைப்போம்." அதுகூடப் பரவாயில்லை. நான் தயங்கியதும், "நீ இத்தனை வருஷம் அதிலிருந்துதானே சாப்பிட்டாய்?" என்றார்.

அந்த ஒரு வசனம்தான். அன்றிலிருந்து ஒழுங்கான நித்திரை இல்லை. சட்டத்துக்குச் சட்டத்தரணி இருக்கிறார். எனக்கு விளங்க வேண்டியது வேறு. காசுக்காகத்தான் கோபப்படுகிறேனா? இல்லையென்றால் எதற்காக?

உறுதிக்கட்டு | திங்கள், காலை 6.45

சட்டத்தைக் கேட்கவில்லை என்று தெரியும். ஆனாலும் நிலம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மனதைப் பற்றிக் கதைத்துப் பயனில்லை.

நீங்கள் திருகோணமலையையே பூர்வீகமாகக் கொண்ட தமிழர் என்றால் தேசவழமை உங்களுக்குப் பொருந்தாது. அது யாழ்ப்பாண மாகாணத் தமிழருக்கான வழக்கம், 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்தது. உங்களுக்கு 1876ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம். சாசனம் இல்லாமல் ஒருவர் இறந்தால் பாதி மனைவிக்கு, மறு பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. அம்மாவுக்கு ஆறில் மூன்று, உங்கள் மூவருக்கும் ஆறில் ஒவ்வொன்று. "கடை உனக்குத்தானே" என்பது காணி விஷயத்தில் காற்றோடு போன பேச்சு. 1840இலிருந்தே காணி கைமாறுவதற்கு நொத்தாரிசு உறுதி வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கல்யாணத்தின்போதோ, வாழ்க்கையில் ஒரு நிலைக்குக் கொண்டுவருவதற்கோ பெற்றோர் ஒரு பிள்ளைக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கொடுத்திருந்தால், பங்கு வைக்கும்போது அதைத் திரும்பக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அதே கட்டளைச் சட்டம் சொல்கிறது. பெற்றோர் வெளிப்படையாகவோ குறிப்பாகவோ விலக்களித்திருந்தால் மட்டும் தேவையில்லை.

கடைக்காரன் மகன் | திங்கள், மதியம் 1.05

இருபது வருஷத்துக்கு ஆறில் ஒன்றா!

இரண்டாவதாகச் சொன்னீர்களே, அது நல்ல செய்தி. அப்படியானால் சீதன வீடும் ஏஜென்சிக் காசும் கணக்குக்கு வரும். இன்றைக்கே அண்ணாவுக்கு அனுப்பப் போகிறேன்.

ஸ்காபரோ தம்பி | திங்கள், மாலை 4.30

கொஞ்சம் பொறுங்கள், அனுப்பிவிடாதீர்கள். உங்கள் வீட்டு அண்ணா எங்கள் வீட்டில் நான்.

என்னை அனுப்பியபோது எனக்கு 19 வயது. "போகிறாயா?" என்று யாரும் கேட்கவில்லை. பெரியவர்கள் முன் விறாந்தையில் இருந்து "பொடியனை அனுப்பிவிடுவோம்" என்று முடிவெடுத்தார்கள், நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இங்கே கனடாவில் இரவு வேலை, பகலில் இன்னொரு வேலை. உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள் மூலம், அனுப்பிய காசுக்கு ரசீது இல்லை. தங்கையின் கல்யாணம், அப்பாவின் இருதய சத்திரசிகிச்சை, 2022 பொருளாதார நெருக்கடியில் ஊரில் எல்லாம் விழுந்தபோது மாதாமாதம். என்னுடைய கணக்கில் அந்த ஏஜென்சிக் கடன் எப்போதோ அடைந்துவிட்டது. தம்பியின் கணக்கில் அது இன்னும் அப்படியே நிற்கிறது.

அப்பாவின் செத்தவீட்டுக்கு என்னால் போக முடியவில்லை, கடதாசி சரிவரவில்லை. கொள்ளி வைத்தது தம்பி. அதைப் போனில் பார்த்தவனுக்கு அந்தக் காணியில் ஒரு துண்டு வேண்டும் என்று தோன்றுவது காசு ஆசையால் மட்டும் இல்லை. நானும் அந்த வீட்டுப் பிள்ளை என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி மிச்சம் இருக்கிறது?

'நீ சாப்பிட்டாய்தானே' என்றது பிழைதான். நானும் சொல்லியிருக்கிறேன்.

சாய்மனை | திங்கள், இரவு 9.10

உளவளத்துணை வேலையில் பல வருடம் இருந்தவன். கடைக்காரன் மகன், உங்கள் கேள்விக்கான பதிலில் முக்கால்வாசியை ஸ்காபரோ தம்பி எழுதிவிட்டார்.

இவான் போசோர்மெனி நாகி என்றொரு குடும்ப சிகிச்சையாளர் இருந்தார், ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்தவர். ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கணக்குக் கொப்பி ஓடுகிறது என்பது அவர் கருத்து. யார் எதை விட்டுக்கொடுத்தார், யாருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்ற கணக்கு. கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. சிக்கல் எங்கே என்றால், கடன் கொப்பி கடையில் ஒன்றுதான் இருக்கும். இந்தக் கொப்பி ஆளுக்கு ஒன்று, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்ததே இல்லை.

ஒவ்வொன்றிலும் சொந்தப் பங்கு பெரிதாகத்தான் எழுதியிருக்கும். அதற்குப் பொய் சொல்ல வேண்டியதில்லை. 1979இல் ராஸ், சிக்கோலி என்ற இருவர் கணவன் மனைவியரைத் தனித்தனியே கேட்டார்கள்: வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு? இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் முழுதுக்கு மேலே போனது. நாம் செய்தது நம் கண்முன்னே நடந்தது, மற்றவர் செய்தபோது நாம் அங்கே இல்லை. ஒரே வீட்டுக்குள் இருப்பவர்களுக்கே இப்படி. நடுவில் ஒரு சமுத்திரம் இருந்தால்?

உங்களைக் குத்தியது பங்குக் கேள்வி இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் கொப்பியில் வரவாக எழுதிய இருபது வருடத்தை அண்ணா செலவாக வாசித்துவிட்டார்.

கிண்ணியாக்காரன் | திங்கள், இரவு 10.50

சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள், சாய்மனை. நம்முடைய அனுபவத்தையும் சொல்கிறேன்.

எங்களுக்கு 1931 முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டம். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒன்று. எல்லாம் முன்கூட்டியே தெரியும், யாரும் விவாதிக்க முடியாது. அப்படியிருந்தும் நாங்கள் நாலு பேரும் இரண்டு வருடம் முகம் பார்க்கவில்லை. சண்டை பங்கில் வரவில்லை, எதைப் பங்கு வைப்பது என்பதில்தான் வந்தது. வாப்பாவின் அரிசி மில்லை நான் பெரிதாக்கினேன். பெரிதாக்கிய பகுதி வாப்பாவுடையதா, என்னுடையதா?

யோசித்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: எனக்குச் சம்பளம் இல்லை. மில்லில் மூட்டை தூக்கிய பொடியன்களுக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு வாப்பா 12 சதவீதம் கட்டினார். எனக்கு? கல்லாப்பெட்டியைக் காட்டி, "லாச்சியில் இருக்கிறது, தேவையானதை எடு." அந்த நேரம் அதைப் பெருமையாக நினைத்தேன், நான் கூலிக்காரன் இல்லையே, மகன். இப்போது அந்த மூட்டை தூக்கியவர்களிடம் தாங்கள் உழைத்ததற்குக் கடதாசி இருக்கிறது, என்னிடம் ஒரு துண்டும் இல்லை. லாச்சியிலிருந்து எடுத்தவன் உழைத்தானா, சாப்பிட்டானா என்று யார் சொல்வது? எங்கள் அண்ணன், காக்காவும், என்னிடம் அதே கேள்வியைத்தான் கேட்டார், இதே சொற்களில்.

என் மகன் இப்போது மில்லில் நிற்கிறான். முதல் மாதத்திலிருந்து சம்பளச் சீட்டு. உம்மாவுக்குப் பிடிக்கவில்லை, "பெற்ற பிள்ளைக்குக் கணக்கா?" என்கிறார்.

மட்டுறுத்துனர் | செவ்வாய், காலை 7.00

இரண்டு பதிவுகளில் கடைப் பெயரும் தெருப் பெயரும் இருந்தன, நீக்கிவிட்டேன். சின்ன ஊர், ஆளைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். தொடருங்கள்.

உப்புவெளி அக்கா | செவ்வாய், காலை 11.30

எல்லா ஆண்களும் எழுதி முடித்துவிட்டீர்களா?

நான் அந்த அக்கா இல்லை, ஆனால் நானும் சீதன வீட்டில் இருப்பவள்தான். தம்பி, அந்த வீடு உங்கள் அக்காவுக்குக் கிடைத்த பரிசு என்று நினைக்கிறீர்கள். ஒருதடவை அவரிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் கிழக்குப் பக்கம் வீடு இல்லாமல் பெண்ணுக்குக் கல்யாணம் இல்லை. வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கே கூட்டிவருகிற ஊர். எனக்கு வீடு வந்தது, கூடவே அப்பாவும் அம்மாவும் என் பொறுப்புக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் இரவு படுத்தது யார்? அதை எந்தக் கொப்பியில் எழுதியிருக்கிறீர்கள்?

இன்னொன்று. பத்து வயதிலிருந்து ஓ.எல். வரைக்கும் அப்பாவின் கடையில் பில் எழுதியவள் நான். பெரிய பிள்ளையானதும் "இனிக் கடைக்கு வராதே" என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனைவிடக் கணக்கு எனக்குத்தான் நன்றாக வந்தது. 'கடை யாருக்கு' என்று பேச்சு வந்த எந்த நாளிலும் ஒருவருக்கும் என் பெயர் வாயில் வரவில்லை. நான் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் யாராவது சொல்லிப் பார்த்திருக்கலாம்.

அந்தச் சட்டப் பிரிவை உங்கள் அக்காவுக்கு அனுப்பினால், இருபது வருடம் அவர் அப்பா அம்மாவைப் பராமரித்ததற்கெல்லாம் நீங்கள் கொடுத்த பட்டம் 'மேலதிகமாக வாங்கியவள்' என்பதாக இருக்கும்.

கடைக்காரன் மகன் | செவ்வாய், பிற்பகல் 2.15

அனுப்பவில்லை அக்கா. எழுதி வைத்திருந்தேன், அழித்துவிட்டேன்.

எங்கள் அக்காவும் கடையில் பில் எழுதினார். எனக்கு மறந்தே போய்விட்டது.

மூன்றாம் தலைமுறை | செவ்வாய், இரவு 8.40

வேறு பக்கத்திலிருந்து ஒரு குரல். தாத்தா தேடியது, அப்பா காத்தது, எனக்கு வந்துசேர்ந்தது. கொழும்பில் ஐ.டி. வேலை. மாதாமாதம் திருகோணமலையிலிருந்து இரண்டு கடை வாடகை வருகிறது. நான் ஒரு செங்கல்லும் வைக்கவில்லை. நண்பர்கள் கடனில் மூழ்கி நிற்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. விற்கலாம் என்றால் அது தாத்தாவை விற்பதுபோல இருக்கிறது. யாரிடமாவது இதைச் சொன்னால் "உனக்கென்ன குறை" என்கிறார்கள். கஷ்டப்படுபவனுக்குக் காது கொடுக்க ஊரில் ஆள் உண்டு, சும்மா வந்த சொத்தால் மனம் குழம்பியவனுக்கு இல்லை.

எப்படியும் மூன்றாம் தலைமுறையில் 90 சதவீதமான குடும்ப வியாபாரம் அழியும் என்று வாசித்தேன். நானும் அந்தக் கணக்கில் ஒருவன் ஆகிவிடுவேன் போல.

சாய்மனை | செவ்வாய், இரவு 10.05

அந்த 90 சதவீதத்தை நம்பி நித்திரையைக் கெடுக்காதீர்கள். இந்த வகைக் கணக்குகளின் மூலத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் ஜான் வார்ட் 1987இல் வெளியிட்ட ஆய்வில்தான் போய் நிற்கும். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 200 உற்பத்தி நிறுவனங்கள். அறுபது வருடம் கழித்தும் அதே குடும்பத்தின் கையில் இருந்தவை 13 சதவீதம். மற்றவை எல்லாம் அழிந்தவை என்று அர்த்தம் இல்லை, நல்ல விலைக்கு விற்றவர்களும் அதற்குள் அடக்கம். இலினோய் தொழிற்சாலையின் கணக்கை திருகோணமலைக் கடை வாடகைக்குப் போட்டுப் பார்க்க முடியாது.

'தாத்தாவை விற்பது' என்றீர்களே, அது பைத்தியக்காரத்தனம் இல்லை. 2007இல் கோமெஸ் மெஹியா என்பவரும் சக ஆய்வாளர்களும் தெற்கு ஸ்பெயினில் ஒலிவ் எண்ணெய் ஆலைகளைப் பார்த்தார்கள், ஆயிரத்துக்கு மேல். கூட்டுறவில் சேர்ந்தால் நட்ட அபாயம் குறையும், வரிச் சலுகையும் உண்டு. அப்படியும் பல குடும்ப ஆலைகள் சேரவில்லை. சேர்ந்தால் ஆலை தங்கள் கையை விட்டுப் போய்விடும். பெயர், கௌரவம், 'இது எங்களுடையது' என்ற பிடி, இவையும் ஒரு சொத்துத்தான். காசு நட்டத்தைவிட இந்தச் சொத்து போவதற்குத்தான் குடும்பங்கள் அதிகம் பயப்படுகின்றன. ஹாட்வெயார்க் கடை மூன்று தடவை திறந்தது என்றால் அந்தச் சொத்தின் பெறுமதியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காணி விலையில் அது வராது.

உறுதிக்கட்டு | புதன், காலை 6.30

சாய்மனை, ஆய்வெல்லாம் சரி. ஆனால் இந்த மனிதர் உயிரோடு இருக்கும்போதே ஒரு மரண சாசனம் எழுதியிருந்தால் இந்த இழையே இருந்திருக்காது. நம் நாட்டில் சாசனம் எழுத 1844இலிருந்து முழுச் சுதந்திரம் உண்டு, யாருக்கும் எவ்வளவும் எழுதலாம். என்னிடம் வருகிற பத்துக் குடும்பத்தில் ஒன்றுகூட நேரத்துக்கு வருவதில்லை.

சாய்மனை | புதன், காலை 9.20

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குற்றத்தை முழுக்க அப்பாவின் தலையில் போடாதீர்கள். ஐவன் லான்ஸ்பெர்க் என்பவர் 1988இல் இதைப் பற்றி எழுதினார்: அடுத்தது யார் என்ற பேச்சை எடுக்காமல் இருப்பதற்கு முதலாளி மட்டும் அல்ல, மனைவி, பிள்ளைகள், வேலையாட்கள் எல்லோருமே சேர்ந்து ஒரு சதிபோல ஒத்துழைக்கிறார்கள். நம் வீடுகளில் இதற்குச் சாட்சி தேவையில்லை. "அப்பா, உங்களுக்குப் பிறகு..." என்று தொடங்கினால் அம்மா குறுக்கே விழுவார், "விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு இது." பேசிய பிள்ளைக்குச் சொத்தில் கண் என்று பெயர் வரும். பேசாத பிள்ளை நல்ல பிள்ளை. கடைக்காரன் மகனும் இருபது வருடம் நல்ல பிள்ளையாக இருந்திருக்கிறார்.

கடைக்காரன் மகன், ஒரு கேள்வி. நீங்களும் அண்ணாவும் இப்போது நேரே கதைக்கிறீர்களா, அம்மா மூலமாகவா?

கடைக்காரன் மகன் | புதன், இரவு 9.45

அம்மா மூலமாகத்தான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

சாய்மனை | புதன், இரவு 10.10

இருவருக்கு நடுவே சூடு ஏறினால் மூன்றாவது ஆளை இழுத்து வைப்பதை முக்கோணம் என்று மரே போவன் என்ற குடும்ப சிகிச்சையாளர் சொன்னார். அது பெரிய இடத்திலும் நடக்கிறது. திருபாய் அம்பானி 2002இல் சாசனம் இல்லாமல் இறந்தார், மகன்கள் இருவரின் பிரிவை 2005இல் அறிவித்தது தாயார்தான். அங்கே ஒரு தீர்வாவது வந்தது. உங்கள் அம்மாவுக்குப் பாதிச் சொத்து சட்டப்படி சொந்தம். ஆனால் இன்றைக்கு அவர் செய்வது தபால் வேலை. அண்ணா சொல்வதைத் தணித்து உங்களிடம், நீங்கள் சொல்வதைத் தணித்து அண்ணாவிடம். இருவருக்கும் உண்மையான சேதி போகவில்லை. அம்மாவுக்கு என்ன விருப்பம் என்று யாராவது கேட்டீர்களா?

உறுதிக்கட்டு | வியாழன், காலை 6.50

என் பங்குக்கு ஒரே ஒரு யோசனை. 'கடை' என்று ஒன்றாகச் சொல்லாதீர்கள், அதில் இரண்டு இருக்கிறது. காணியும் கட்டடமும் ஒன்று, சரக்கும் வியாபாரமும் மற்றது. காணி நாலு பேருக்கும் பொதுவாக இருக்கட்டும், வியாபாரத்தை நீங்கள் நடத்தி அவர்களுக்கு வாடகை கட்டுங்கள். உங்கள் இருபது வருடத்துக்கு ஈடாகச் சரக்கில் எவ்வளவு என்பதைப் பேசித் தீருங்கள். பிரிவினை வழக்குக்குப் போனால் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் துண்டு போடும், முடியாவிட்டால் விற்கச் சொல்லும். உங்கள் பேரன் வழக்குத் தவணைக்குப் போவான்.

ஸ்காபரோ தம்பி | வியாழன், பிற்பகல் 5.15

அண்ணாவுக்கு வாடகை அனுப்பும்போது தொகை சின்னதாக இருந்தாலும் மாதாமாதம் அனுப்புங்கள். ஊரிலிருந்து இங்கே காசு வருவது எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவையும் வந்ததில்லை.

கிண்ணியாக்காரன் | வியாழன், இரவு 11.00

பழமொழி இருக்கிறதுதானே: தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. கூடப் பிறந்தவனையும் வியாபாரக் கூட்டாளியையும் தமிழ் ஒரே சொல்லில் 'பங்காளி' என்று வைத்திருப்பதும் சும்மா இல்லை. பெயரிலேயே பங்கு இருக்கிறது. நாம்தான் அதைக் கேட்காததுபோல நடிக்கிறோம்.

கடைக்காரன் மகன் | மறு செவ்வாய், இரவு 10.30

சின்னத் தகவல். தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

சனிக்கிழமை அக்காவைக் கடைக்குக் கூப்பிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு சாமான் வாங்க வந்திருக்கிறார், கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்ததில்லை. அன்றைக்கு லாச்சிக்கு முன்னால் இருந்தார். 2022 கொப்பியைப் புரட்டி, ஆயிரம் ரூபாய் அளவில் கிடந்த சீமெந்துப் பை மூவாயிரத்தைத் தொட்ட மாதங்களில் நான் கடனுக்குக் கொடுத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதை வாங்கியிருக்கிறாயா, இதை?" என்று கேட்டார். பாதி வாங்கவில்லை. நல்ல ஏச்சு வாங்கினேன்.

அம்மாவிடமும் கேட்டேன். விற்பதும் வேண்டாம், விற்காமல் இருப்பதும் வேண்டாம், நீங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் என் முன்னால் இருந்து கதையுங்கள் என்றார். அண்ணாவுக்கு நானே எடுத்தேன். 'சாப்பிட்டாய்' என்றது பற்றிக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அது இன்னும் நெஞ்சுக்குள்தான் இருக்கிறது. வாடகை யோசனைக்கு "பார்ப்போம்" என்றார். அண்ணாவின் "பார்ப்போம்" எப்போதும் மாட்டேன் என்றுதான் அர்த்தம், இந்தத் தடவை நிச்சயமில்லை.

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு நாலு பேரும் வீடியோவில், அவருக்கு அப்போது காலை பத்தரை. அதற்கு முன்பு சரக்குக்கு ஒரு பெறுமதி போட வேண்டும் என்கிறார் அக்கா. நாங்கள் போட்டால் அண்ணா ஒத்துக்கொள்ள மாட்டார், வெளியாள் வேண்டும். மதிப்பீடு செய்பவர் யாரையாவது தெரிந்தால் தனிமடலில் சொல்லுங்கள். ஹாட்வெயார் தெரிந்தவராக இருந்தால் நல்லது. ஆணிப் பெட்டி மட்டுமே நானூறுக்கு மேல் கிடக்கிறது, அதில் பாதிக்கு விலை அப்பாவுக்குத்தான் தெரியும்.